மணமேல்குடிக் கரையில் காகித மீன்கள்

வால் முதலில்

என் அம்மா மீன் செய்தால் வாலில்தான் தொடங்குவாள்.

குழம்பில் போடுகிற மீன் இல்லை, காகித மீன். மணமேல்குடியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வாள். ஒரு மூங்கில் சிம்பை வாயில் கவ்விக்கொண்டு, இன்னொன்றை முழங்காலில் வைத்து மெதுவாக வளைப்பாள். முதலில் வால், பிறகு வயிறு, கடைசியில் தலை. தலையை முதலில் செய்துவிட்டால் அது நம்மையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும், வேலை ஓடாது என்பாள். அவள் அதை முழுக்க நம்பினாள். பக்கத்தில் குந்தியிருந்த நானும் நம்பினேன்.

சிம்புக்கூட்டின் மேல் சிவப்புப் பட்டக் காகிதம் ஒட்டுவாள். பசை, வடித்த கஞ்சியில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சியது. மீனின் வயிற்றுக்குள் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. அந்தப் பசையின் புளித்த வாடையும் பச்சை மூங்கில் வாடையும் சேர்ந்து வந்தால் எனக்கு அது புரட்டாசி மாதம். மற்றவர்களுக்குப் புரட்டாசி எப்படி வருமோ, தெரியாது.

தொடரை நடுவில் வந்து பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா காசிம், மீசை முளைக்கும் முன்பே பிழைப்புக்காக சைகோனுக்குக் கப்பலேறியவர். அங்கே துணிக்கடை வைத்தார். பக்கத்துத் தெருவில் தையல் வேலை செய்துகொண்டிருந்த லான் என்ற பெண்ணை மரியம் ஆக்கி நிக்காஹ் செய்துகொண்டார். அந்த மரியம்தான் என் அம்மா. அவள் ஊரில் தாயை 'மா' என்பார்கள். எங்களுக்கும் அவள் மா. நான் ஜமீலா, எனக்குக் கீழே தம்பி யூசுப்.

பிறகு அந்த ஊரில் சண்டை வந்தது. எங்கள் தெருவே எரிந்தது, கடையும் போனது. இரண்டு டிரங்குப் பெட்டிகளோடும் ஒரு மண் சாடியோடும் அத்தா எங்களைத் தன் சொந்த ஊருக்குக் கூட்டி வந்தார். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கலாம், ஒன்பதும் இருக்கலாம்.

ஒரு வீடு, இரண்டு உலை

அந்த மண் சாடியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதில் இருந்தது மீன் சாறு. நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊற வைத்து வடித்த சாறு. மாவுக்கு அது இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காது. கடல் தாண்டி, கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாள். மணமேல்குடி வீட்டில் அதன் மூடியைத் திறந்த முதல் நாளே மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மாமி என்றால் அத்தாவின் அக்கா. அக்காவை எங்கள் பக்கம் 'லாத்தா' என்பார்கள். வீடு அவருடையது. சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளை கிடையாது. தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். உயரமானவர், குரல் அதைவிட உயரம்.

"தம்பி, ஒம் புள்ளைகளுக்கு இந்த வீட்ல எடம் உண்டு. இந்தச் சாடிக்கு எடம் இல்ல."

"என்னா லாத்தா, ஒங்க கருவாடு மட்டும் மல்லியப்பூவா மணக்குதாக்கும்?"

"கருவாடு கருவாடு மாதிரி நாறுது. இது எது மாதிரி நாறுதுன்னே தெரியலையே!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு உலை கொதித்தது. மாமி தனி அடுப்பில், தனிச் சட்டியில் தனக்கு மட்டும் பொங்கிக்கொண்டார். மா சமைத்ததை ஒரு பருக்கை தொட்டதில்லை. மா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கிச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிடுவார். அந்தச் செடி அந்த வருடம் அமோகமாகப் பூத்தது.

கேட்டால், அந்நிய நாட்டுக்காரி கைச் சமையல், எதைப் போட்டிருக்கிறாளோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம் என்பார். உண்மை அது இல்லை என்று எனக்கே தெரியும். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நான் வளத்த புள்ள. பொண்ணு பாக்க நான் எங்கெங்க அலையலாம்னு இருந்தேன். 'எனக்கு நிக்காஹ் ஆயிருச்சு லாத்தா, துஆ செய்யுங்க'ன்னு கடுதாசி போட்டான். என்னய ஒரு வார்த்த கேக்கலையே."

சாடி அல்ல, அந்தக் கடுதாசிதான் நாறிக்கொண்டிருந்தது. ஆனால் எட்டு வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வீட்டுப் பெரியவர் தொடாத சாப்பாட்டை ஊரும் தொடவில்லை. தெருப் பிள்ளைகளை எங்களோடு விளையாட விடவில்லை. எங்களுக்கு 'சீனாக்காரி புள்ளைக' என்று பெயர் ஆயிற்று. சீனா வேறு, நாங்கள் வந்த ஊர் வேறு என்று அத்தா கொஞ்ச நாள் எல்லோரிடமும் வாதாடிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

ஒரு வருடம் இப்படிப் போனது. ஒரு நாள் இரவு அத்தா மாவிடம் அவள் பாஷையில் பேசினார். நானும் யூசுப்பும் பாயில் தூங்குவது மாதிரி கிடந்தோம்.

"அக்காவைத் தனியே விட்டுவிட்டு நான் வர முடியாது. உன்னை இங்கே வைத்து வாட்டவும் என்னால் முடியவில்லை. மழைக்கு முன்னால் பாண்டிச்சேரியிலிருந்து கப்பல் இருக்கிறது. நீயும் பிள்ளைகளும் உன் தங்கை வீட்டில் போய் இருங்கள். அப்புறம் பார்க்கலாம்."

பெரியவர்கள் 'அப்புறம் பார்க்கலாம்' என்றால் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். எந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அத்தா இங்கே, நாங்கள் அங்கே. நடுவில் எத்தனை நாள் கடல் என்று நான் ஏற்கெனவே ஒரு தடவை வாந்தி எடுத்துப் பார்த்திருந்தேன்.

மா அழவில்லை. எங்கள் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "போவதற்கு முன்னால் நிலாப் பண்டிகை வருகிறது. அதைப் பிள்ளைகளுக்கு இங்கேயே செய்துவிட்டுப் போகிறேன்" என்றாள்.

குரங்கு தின்ற பன்னும் கறுப்பு அரிசியும்

அந்தப் பண்டிகைக்கு அவர்கள் ஊரில் பெயர், இலையுதிர் காலத்து நடு நிலா. வேடிக்கை என்னவென்றால் சைகோனில் இலையுதிர் காலமே கிடையாது. அந்த மாதத்தில் அங்கே மழைதான். இலை எங்கே உதிர்கிறதோ அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயரை இவர்களும் வைத்துக்கொண்டு கொண்டாடுகிறார்கள். மணமேல்குடியில் உதிர்வதற்கு எங்கள் கொல்லையில் ஒரு வாதுமை மரம் இருந்தது. அதன் இலை சிவந்து விழும்போதெல்லாம் மா பொறுக்கி, மடித்து, என் சட்டைப் பையில் வைப்பாள்.

அது பிள்ளைகளின் பண்டிகை. மாலையில் தெருவெல்லாம் காகித விளக்குகள் வரும். மீன், நட்சத்திரம், வண்ணத்துப்பூச்சி. தகரத்தைத் தட்டிக்கொண்டு, நிலா எழும்புகிற பக்கம் பார்த்துப் பிள்ளைகள் வரிசையாகப் போவார்கள். பசை மாதிரி ஒட்டுகிற அரிசி மாவில், உள்ளே பாசிப்பருப்புப் பூரணம் வைத்து வட்டமாக நிலாப் பலகாரம் செய்வார்கள். அத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறார். அவருடைய தொப்பியில் மெழுகு சொட்டி, கடைசிவரை அந்தக் கறை போகவில்லை.

மணமேல்குடியில் எல்லோரும் பிறைக்காகத்தான் வானத்தைப் பார்ப்பார்கள். மா முழு நிலாவுக்குக் காத்திருந்தாள். "இந்த ஊர்க்காரர்களுக்கு அவசரம். நிலா பிறந்த அன்றே பார்த்துவிடுகிறார்கள்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மாதம் அத்தாவுக்கு எங்கள் மேல் அளவு கடந்த பிரியம் வந்துவிட்டது. ஊரைவிட்டு அனுப்பப் போகிற பிள்ளைகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ. பஸ் ஏறிப் புதுக்கோட்டைக்குப் போனோம். அங்கே அத்தாவுக்குத் தெரிந்த ஜவுளி வியாபாரி வீட்டில் தங்கிக்கொண்டு குடுமியான்மலைக்குப் போனோம்.

அங்கே பாறையில் பாட்டையே எழுத்தாக வெட்டி வைத்திருக்கிறார்கள் என்று அத்தா சொன்னார். மா விரலால் ஓர் எழுத்தைத் தடவிப் பார்த்து, "இதைப் பாடு" என்றாள். அத்தாவுக்கு அந்த எழுத்தும் தெரியாது, பாட்டும் வராது. பெண்டாட்டி கேட்டுவிட்டாளே என்று, கடையில் துணி அளக்கும்போது கஜத்தை எண்ணுகிற ராகத்தில் எதையோ இழுத்தார். மா கை தட்டினாள். அந்தச் சமயம் பார்த்து ஒரு குரங்கு யூசுப் கையில் இருந்த பன்னைப் பிடுங்கிக்கொண்டு பாறை மேல் ஏறிவிட்டது. யூசுப் ஊர் திரும்பும்வரை அந்தக் குரங்கைத் திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு பாஷையில் திட்டினான், ஒன்றில் வார்த்தை தீர்ந்துபோனதால்.

மறுநாள் பொன்னமராவதி. அத்தாவுக்கு அங்கே ஏதோ சரக்கு பார்க்க வேண்டியிருந்தது. கடைத்தெருவில் ஓர் அரிசிக் கடை முன்னால் மா சட்டென்று நின்றுவிட்டாள். சாக்கில் கறுப்பாக ஓர் அரிசி. ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்தாள்.

"நெப்! நெப்!" என்று கத்தினாள். அவள் ஊரில் ஒட்டுகிற அரிசிக்கு அதுதான் பெயர்.

கடைக்காரர் பயந்துபோனார். "என்னங்க ஆச்சு? கவுனி அரிசிங்க அது. பர்மாவுலேருந்து வந்தது. வெந்தா பசையா ஒட்டும். கல்யாண வீட்டுக்காரங்கதான் வாங்குவாங்க."

வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அழாத மா, அந்தச் சாக்கில் கையை விட்டுக்கொண்டு, நடுக்கடைத்தெருவில் நின்று அழுதாள். அத்தா தலையைக் குனிந்துகொண்டு, "நிறுங்க, நெறையவே நிறுங்க" என்றார்.

கரையில் வரிசை

பௌர்ணமி அன்று அத்தா ஊரில் இல்லை. கப்பல் ஏஜெண்டைப் பார்த்து எங்கள் மூவருக்கும் இடம் சொல்லிவைக்கப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். அன்று மாலை கடைசி பஸ்ஸில்தான் திரும்புவதாக ஏற்பாடு.

அவர் இருந்திருந்தால் அன்று நடந்தது நடந்திருக்காது. அந்தக் கரையில் பிறந்தவர், தடுத்திருப்பார்.

மா தெருவில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் விளக்குச் செய்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. யாரும் வருவதாகவும் சொல்லவில்லை. கொல்லையில் துணி காயப்போடுகிற கயிற்றில் அத்தனையையும் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டாள். சிவப்பும் பச்சையுமாக அவை கயிற்றோடு சேர்ந்து மெல்ல ஆடின. வேலிக்கு வெளியே ஒரு தலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வேலி முழுக்கத் தலைகள்.

மாவுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் எங்களை அதட்டுவதற்காகக் கற்றுக்கொண்டது. வா, சாப்பிடு, படு, அழாதே, தப்பு. அவ்வளவுதான். மீதிக்கு நான்தான் துபாஷி. மா வேலியைப் பார்த்துத் தன்னிடம் இருந்த முதல் வார்த்தையைச் சொன்னாள்.

"வா."

வந்துவிட்டார்கள். அம்மாக்கள் மஃரிபு என்கிற அந்தித் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்த நேரம். மாமியும் உள்ளே தொழுகைப் பாயில் இருந்தார். நல்ல சமயம்.

நிலா கடலில் இருந்துதான் எழும்பும், அதை எதிரே போய் அழைக்க வேண்டும் என்பது மாவின் கணக்கு. உள்ளே மெழுகைப் பற்றவைத்து, ஆளுக்கொரு மீனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மா மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு முன்னால் போனாள். அன்று காற்றே இல்லை, அலையும் இல்லை. கடலின் விளிம்பில் நிலா சிவப்பாகத் தலையைக் காட்டியது. தண்ணீர் ஓரமாக வரிசையாக அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தோம். என்னோடு இதுவரை பேசாத ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கம்மாவ எனக்கு ஒரு நண்டு வெளக்கு செய்யச் சொல்றியா?" என்று கேட்டாள். நாங்கள் கப்பலேறப் போகிறோம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல மனம் வரவில்லை.

முதலில் ஓடி வந்தவர்கள் பெண்கள். முக்காடு நழுவ, ஈரக் கையோடு ஓடி வந்தார்கள். "யாருக்கு என்னா? யாருக்கு என்னா?" என்று கத்தினார்கள். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி கடலைப் பார்த்து, "அய்யோ, வள்ளமெல்லாம் திரும்புதே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நிலா வெளிச்சத்தில் வள்ளங்கள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அப்படி ஒரு வேகத்தில் துடுப்புப் போட்டு நான் பார்த்ததில்லை.

கரையின் வழக்கம்

இங்கே அந்தக் கரையின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்களுக்கும், கூட வந்த சின்னப் பிள்ளைகளுக்கும்தான் அது தெரியாமல் இருந்தது.

வள்ளம் கடலுக்குள் போயிருக்கும்போது கரையில் ஒற்றை விளக்கு ஓர் இடத்தில் நின்றால், அது துறைக்கு அடையாளம். பல விளக்குகள் வரிசையாக நடந்தால் உடனே திரும்பி வா என்று அர்த்தம். யார் வீட்டிலோ மவுத்து, அதாவது சாவு, அல்லது உயிருக்கு ஆபத்து. பார்த்தவர்கள் வலையை அறுத்துப் போட்டுவிட்டாவது வந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு வாலும் உண்டு. திரும்பி வந்தவர்கள், கூப்பிட்ட வீடு எதுவோ அந்த வீட்டில் வாய் நனைக்காமல் தன் வீட்டுக்கும் போகக் கூடாது, மறுபடி கடலிலும் இறங்கக் கூடாது. போட்ட வலையை விட்டு வந்த ஆற்றாமை மனதில் இருக்கும், அதோடு கடலுக்குப் போகக் கூடாது என்பதற்காக வைத்தது. அந்த வீட்டின் மூத்த பெண் முதலில் எல்லோர் முன்னாலும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள்.

முதல் வள்ளம் தரை தட்டும் முன்பே மீரான் காக்கா தண்ணீரில் குதித்துவிட்டார். இடுப்புக் கைலியெல்லாம் நனைந்து, மூச்சு இரைக்க ஓடி வந்தார். அண்ணனைக் காக்கா என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முரட்டு மனிதர், ஊரே பயப்படும். அவர் மனைவிக்கு அது பேறு மாதம்.

"எந்த வீடு? எந்த வீடுன்னு சொல்லுங்களேன்!"

விளக்கு யாருடையது என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "எங்க வீடுதான்" என்றேன் பெருமையாக.

"யாரு மவுத்து?"

"யாரும் இல்ல. இது மீனு" என்று தூக்கிக் காட்டினேன்.

அவர் என் கையில் இருந்த மீனைப் பார்த்தார். மணலில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "எம் பொண்டாட்டி போயிட்டாளாக்கும்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மற்ற வள்ளங்களும் வந்து சேர்ந்தன. என்ன விஷயம் என்று தெரிந்ததும் கூச்சல் கிளம்பியது. "வலைய அறுத்துப் போட்டுட்டு வாரோம், இங்க வெளாட்டா?" "காசிமு எங்க? அவன வரச் சொல்லு!" பிள்ளைகள் விளக்கை மணலில் போட்டுவிட்டு அவரவர் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தார்கள். யூசுப் மாவின் காலைக் கட்டிக்கொண்டான்.

நான் பயத்தில் மாவுக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். வேகமாக, அரைகுறையாக. அவள் முகம் வெளுத்துவிட்டது. என்ன செய்திருக்கிறோம் என்று புரிந்துகொண்டாள். மீரான் காக்கா முன்னால் மணலில் மண்டியிட்டாள். மூன்று வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள்.

"தப்பு. வா. சாப்பிடு."

பெரியவர்களிடம் வாங்க, சாப்பிடுங்க என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. யூசுப்பிடம் பேசுவது மாதிரிதான் அத்தனை பேரிடமும் பேசினாள். கூச்சல் நின்றது. வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர், வள்ளக்காரர்களுக்குத் தலைவரான மூத்த தண்டல், துடுப்பை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"கூப்பிட்ட வீட்டுப் பொம்பள சாப்பிடச் சொல்லிட்டாங்க. இனிமே போகாம இருக்க முடியாதுப்பா. எந்திரி மீரானு."

ஒரு வருடமாக எங்கள் வாசலைத் தாண்டாதவர்கள் எல்லோரும், ஈரக் கைலியோடு, மணல் ஒட்டிய காலோடு, கோபத்தோடு, எங்கள் வீட்டுக்கு விருந்துக்குப் புறப்பட்டார்கள்.

மாமியின் வாய்

மாமி தொழுது முடித்து, வழக்கம்போல நெடுநேரம் ஓதிவிட்டு, அப்போதுதான் பாயை மடித்துக்கொண்டிருந்தார். முற்றம் முழுக்க ஆண்கள். "என்னா? என் தம்பிக்கு என்னா?" என்று அலறிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னார்கள். மாமி என் அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையைப் பொறுத்தவரை நாங்கள் கப்பலேறி, பாதிக் கடலும் தாண்டியாகிவிட்டது.

மா உள்ளே போய்த் தட்டை எடுத்து வந்தாள். நிலாப் பலகாரம். கவுனி அரிசியை வறுத்து இடித்த மாவில் செய்ததால் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை, அத்தனையும் கருகரு என்று இருந்தன. காலையில் அதைப் பார்த்து, "இது பௌர்ணமி இல்லை, அமாவாசை" என்று அவளே சிரித்திருந்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

தண்டல் மாமியைப் பார்த்தார். "நீங்கதான வீட்டுக்கு மூத்தவுங்க. வாய் வச்சுக் குடுங்க."

மாமி தட்டைப் பார்த்தார். "இருங்க. ஒல வைக்கிறேன். ஒரு நிமிசத்துல கஞ்சி காச்சிடுறேன்" என்று அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"அது ஆகாதுங்க. கூப்பிட்ட கைதான் குடுக்கணும். வேற கை ஆகாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அந்தக் கரையில் எத்தனை வீடுகளில் மாமியே இதைச் சொல்லி நடத்தியிருக்கிறார். என் அம்மா தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். மாமி கையை நீட்டவில்லை. ஒரு வருடமாக அந்த வீட்டில் எரிந்த இரண்டாவது அடுப்பைப் பற்றி அங்கே தெரியாதவர் யாரும் இல்லை.

மாமி வேண்டாம் என்று சொல்லிவிட்டால், ஊருக்கு முன்னால் சொல்லிவிட்டால், பிறகு அத்தாவாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்போது மீரான் காக்கா எழுந்து வந்தார். கண் இன்னும் சிவந்திருந்தது.

"லாத்தா, நான் வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டி மொகத்தப் பாக்கணும். வாய் நனைக்காம எப்படிப் போவேன்? எனக்காவ ஒரு வாய் வைங்களேன்."

மாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார். "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தார்.

அதற்கப்புறம் நடந்தது ரொம்ப நேரம் நடந்தது. ஒட்டுகிற அரிசிப் பலகாரத்தை அவசரமாகத் தின்ன முடியாது. மாமி மென்றார். மறுபடியும் மென்றார். மேல் வாயில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் தள்ளினார். வலையை அறுத்துப் போட்டுவிட்டு வந்த ஆண்கள் அத்தனை பேரும், என் அம்மாவும், நானும், வேலிக்கு வெளியே நின்ற பெண்களும், மூச்சுவிடாமல் மாமியின் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரத்தில்தான் அத்தா வந்தார். கடைசி பஸ்ஸில் இறங்கி, வீட்டு முன்னால் கூட்டத்தைப் பார்த்து, பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "லாத்தா! யாருக்கு என்னா? லாத்தா!"

மாமியால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் ஒட்டியிருந்தது. கையை மட்டும் ஆட்டி, இருடா, இருடா என்று காட்டினார். அக்கா கையில் என் அம்மாவின் பலகாரத்தைப் பார்த்த அத்தா அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கடைசியில் மாமி விழுங்கினார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். எதையோ யோசிப்பது மாதிரி இருந்தார்.

"சீனி கம்மி" என்றார்.

தண்டல் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"மாவும் சரியா வறுபடல. உள்ள பச்ச வாட அடிக்கிது. பருப்புல ஒரு ஏலக்காயத் தட்டிப் போட்டா என்னா கொறஞ்சா போயிடும்?" அத்தாவின் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மாவு வறுக்கறப்ப என்னயக் கூப்பிடச் சொல்லு ஒம் பொண்டாட்டிய. பக்கத்துல நின்னு சொல்லித் தாரேன்."

ஒரு வருடமாக மாமிக்கு என் அம்மா 'அது'தான். 'ஒம் பொண்டாட்டி' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அத்தா தூண் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்டல் முதல் பலகாரத்தை எடுத்தார், பிறகு மீரான் காக்கா, பிறகு எல்லோரும். முற்றம் முழுக்க ஒட்டிக்கொண்ட வாய்களை விடுவிக்கிற சத்தம்.

மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியின் குரலில் குறை சொல்கிற தொனி மட்டும் அவளுக்குக் கேட்டிருக்கும். தட்டை இன்னும் இரண்டு கையாலும் பிடித்தபடியே என் பக்கம் குனிந்து, அவள் பாஷையில் மெதுவாகக் கேட்டாள்.

"மாமி என்ன சொல்கிறாள்?"

சீனி, மாவு, ஏலக்காய் எல்லாவற்றுக்கும் அந்தப் பாஷையில் எனக்கு வார்த்தை தெரியும். நான் அவற்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

"நாம் போகவில்லை" என்றேன்.

மா நிமிர்ந்து மாமியைப் பார்த்தாள். அப்படியா என்று கேட்பது மாதிரி பார்த்தாள். நான் சீனியைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து மாமி, இரண்டாவது பலகாரம் ஒட்டிய வாயோடு, ஆமாம் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினார்.